வடக்குப் பக்கத்து ஆறு வீடுகள்

அன்புள்ள தம்பிக்கு,

அந்த மனுவை நான் மறந்துவிட்டேனா, மறக்கட்டும் என்று விட்டுவிட்டேனா? ஐந்து மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். விடை தெரியவில்லை. தெரிந்த பிறகு உனக்கு எழுதலாம் என்றுதான் தள்ளிப்போட்டேன். இனி அதற்கும் நாளில்லை. நாளைக் காலை பத்து மணிக்கு அளவெடுக்க ஆட்கள் வருகிறார்கள்.

நீங்கள் எல்லோரும் சுகம்தானே? சின்னவளின் இருமல் நின்றதா? இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. பின்னறையில் ஒழுகிய இடத்தை எதிர்வரிசைக் கொத்தனார் அவராகவே வந்து பூசிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் நல்லவராக இருப்பது இப்போது எனக்குப் பெரிய தொந்தரவு.

நம் தெருக்கோடியில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் வருவது உனக்குத் தெரியும். அதற்கு லாரி போக முப்பதடிச் சாலை வேண்டும். இருப்பது பதினாறு அடி. மீதிப் பதினாலு அடியை முதல் வரைபடத்தில் தெற்கே, நம்முடைய காலி நிலத்தில்தான் எடுத்திருந்தார்கள். நீ அதை வீட்டுமனைகளாகப் பிரித்து அனுமதி வாங்கிய பிறகு நம் நிலம் வரைபடத்தில் மஞ்சளாகிவிட்டது. மஞ்சள் என்றால் குடியிருப்பு, தொட மாட்டார்கள். கோடு வடக்கே நகர்ந்தது. அங்கே இருக்கும் ஆறு வீடுகளும் பழையவை, எந்த அனுமதிக் காகிதமும் இல்லாதவை. வரைபடத்தில் அவற்றுக்கு நிறமே இல்லை.

ஆட்சேபனை சொல்ல முப்பது நாள் கொடுத்தார்கள். ஆறு வீட்டுக்காரர்களும் கூடி ஒரு மனு எழுதினார்கள். பழையபடி காலி நிலத்தின் வழியாகவே சாலையைக் கொண்டுபோகச் சொல்லும் மனு. அதை என்னிடம்தான் கொண்டுவந்தார்கள். கொத்தனார் தலையைச் சொறிந்துகொண்டு, “உங்க நிலத்தைக் கேட்டு எழுதி உங்ககிட்டயே திருத்தக் குடுக்குறோம், கோவிச்சுக்காதீங்க” என்றார். எழுத்துப்பிழை இருந்தால் மட்டும்தான் கோபம் வரும் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். “அப்ப செத்தோம்” என்றார் அவர்.

பிழை இருந்தது. நில எண் கேட்ட இடத்தில் வீட்டுக் கதவு எண்ணை எழுதியிருந்தார்கள். பாடப்புத்தகங்களில் பிழை திருத்தியே இருபத்திரண்டு வருடம் பிழைத்தவள் நான். ஒரு தாளைத் தவறோடு கையைவிட்டு அனுப்ப எனக்கு வராது. நில எண்களைத் தேடினேன். முழுதாகத் திருப்பி எழுதினேன். பிறகு ஒரு பத்தி பிடிக்காமல் மறுபடி எழுதினேன். கையெழுத்துகள் வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தேன். அலுவலகத்தில் வேலை அதிகம், இந்தத் திட்டம் எங்கே நடக்கப்போகிறது என்ற எண்ணம் வேறு. இதெல்லாம் உண்மைதான். அந்த இழுப்பறையை ஒவ்வொரு நாளும் திறந்தேன் என்பதும் உண்மை.

முப்பத்தோராம் நாள் நகராட்சிக்குக் கொண்டுபோனேன். எழுத்தர் தேதியைப் பார்த்து, “நேத்து சாயங்காலத்தோட முடிஞ்சிடுச்சே மேடம்” என்று தாளைத் திருப்பித் தள்ளினார்.

திரும்பி வரும்போது எதிர்வீட்டுத் தையல்காரம்மா வாசலில் நின்று, “குடுத்தாச்சா தங்கச்சி?” என்று கேட்டார். கொடுத்தாச்சு என்றேன்.

அந்த ஒரு வார்த்தையில்தான் ஐந்து மாதமாக ஆறு குடும்பமும் உட்கார்ந்திருக்கிறது. நாளைக்கு அளக்க வருபவர்களிடம் என்னை முன்னால் நிறுத்தி மனுவின் ரசீதைக் காட்டச் சொல்லப் போகிறார்கள். தையல்காரம்மாவின் முன்னறையை உனக்கு நினைவிருக்கும். இப்போது தையல் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே அவர் கணவரின் கட்டில். பக்கவாதம். பின்னால் இருப்பது அடுப்படி மட்டும். பதினாலு அடி போனால் அந்தக் கட்டிலைப் போட அந்த வீட்டில் இடமில்லை.

போன வாரம் சாலைத் திட்டத்தின் பொறியாளரைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். நிலத்துக்கு உரியவர்கள் தாமாகவே எழுதிக் கொடுத்தால் கோட்டைத் தெற்கே நகர்த்தலாமாம். வீடுகளில் அளந்து குறி போட்ட நாளிலிருந்து பதினைந்து நாள் வரை வாங்கிக்கொள்வார்களாம். “ஆனா யாரு மேடம் தானா முன்வந்து குடுக்கப் போறாங்க?” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

நிலம் நம் இருவர் பேரிலும் இருக்கிறது. படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். உன் இடம் காலியாக இருக்கிறது. தொலைபேசியில் மூன்று முறை சொல்ல வந்தேன். ஒவ்வொரு முறையும் நீ அந்த மனைகளில் கட்டப்போகும் வீட்டைப் பற்றி ஆரம்பித்துவிட்டாய். முன்வரிசை மனைகள் போனால் உன் கணக்கு முழுதும் குலையும் என்று தெரியும். தப்பு செய்தவள் நான், இழப்பது நீ. இது நியாயமில்லை. நியாயமில்லாததைத்தான் கேட்கிறேன்.

நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. நீ, உன் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் என்றைக்கும் நன்றாக இருக்கவேண்டும்.

உன் அக்கா

மறுநாள் மாலை.

நேற்றுக் கூரியர் அலுவலகம் மூடியிருந்தது. அதனால் இதையும் சேர்த்து எழுதுகிறேன்.

பத்தேகாலுக்கு வந்தார்கள். எனக்கு நாற்காலி போட்டு வைத்திருந்தார் தையல்காரம்மா. நான் உட்காரவில்லை. ரசீது இல்லை, மனுவை நேரத்துக்குக் கொடுக்கவில்லை, கொடுத்ததாகப் பொய் சொன்னேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். கொத்தனார் மட்டும், “அதான் ரசீதைக் கேட்டப்பல்லாம் கண்ணாடியத் தேடினீங்களா?” என்றார். பிறகு தன் வீட்டுச் சுவரில் சிவப்புக் கோடு போடுகிறவனுக்கு அவரே ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

உன்னிடம் கையெழுத்துக் கேட்டு எழுதியிருப்பதைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. இன்னொரு முறை என் வார்த்தையில் அவர்களை உட்காரவைக்க எனக்கு உரிமை இல்லை.

தையல்காரம்மா வீட்டில் கோடு, கட்டில் கிடக்கும் இடத்தையும் தாண்டி, அடுப்படிச் சுவரில் விழுந்தது. பதினைந்து நாள் இன்று தொடங்குகிறது.

நாலு மணிக்குத் தையல்காரம்மா வந்தார். உள்ளே வரவில்லை. “இந்தாங்க மேடம்” என்றார். நான் தைக்கக் கொடுத்திருந்த துணி, வெட்டாமல், மடித்தபடி. அதன் மேல், பதினெட்டு வருடமாக அவரிடமே இருந்த என் அளவுச் சட்டை.