சாவுச் சுருளில் ஒரு அவரைப் பூ

1536, ஜனவரி 14

சுருள் வந்தது. கடற்கரைப் பக்கத்து மடத்தில் சிஸ்டர் மாபில் இறந்துபோனாராம். அந்தப் புண்ணியவதி யாரென்றே எனக்குத் தெரியாது. ஆனால் ஹாப் கழுத்தில் சுருளைத் தொங்கவிட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார் என்று கேட்டதும் ஓட்டமும் நடையுமாகப் போனேன். சாவுச் செய்தி கேட்க இப்படி ஓடுகிறவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒரு மடத்தில் ஒருவர் இறந்தால் ஹாப் அந்தத் தோல்சுருளோடு நார்ஃபோக் வட்டாரத்தின் எல்லா மடங்களுக்கும் நடப்பார். ஒவ்வொரு மடமும் இறந்தவருக்காகச் செபித்துவிட்டு இரண்டு வரி எழுதிக் கொடுக்கும். எங்கள் ஹெல்மிங்டன் மடத்துக்கு எழுதுகிறவள் நான். ஸ்டோபரி மடத்துக்கு எழுதுகிறவள் என் அக்கா பெர்னல்.

அப்பா அவளை அங்கும் என்னை இங்கும் விட்டுப் பதினெட்டு வருடம் ஆகிறது. பார்த்துக்கொண்டதே இல்லை. ஸ்டோபரியில் கடிதத்துக்கு அனுமதி கிடையாது. அதனால் அவள் தன் வரிகளின் ஓரத்தில் ஒரு அவரைப் பூ வரைவாள். அப்பாவின் அவரைக் காட்டுக்குள்தான் நாங்கள் ஒளிந்து விளையாடுவோம். நான் ஒரு நத்தை வரைவேன். ஓடத் தெரியாத என்னை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். ஹாப் எந்தத் திசையில் கிளம்புகிறாரோ, அதைப் பொறுத்து யார் அடையாளம் யாருக்குக் கிடைக்கும் என்பது.

இன்றைக்குப் பூ கிடைத்தது. முன்பெல்லாம் அவள் வரையும் பூ பிய்ந்த செருப்பு மாதிரி இருக்கும். இரண்டு வருடமாகக் கை நன்றாகத் தேறிவிட்டது. இதழ் இதழாகப் போடுகிறாள்.

ஹாப் அடுப்படியில் உட்கார்ந்து விலாங்கு மீனை ஒரு கை பார்த்தார்.

"மேற்கே சாமியாருங்க மடத்துல பீரு தேவாமிர்தம், ரொட்டி கல்லு. வடக்கே ரொட்டி பஞ்சு, பீரு ஆத்துத் தண்ணி. ஸ்டோபரியில ரெண்டுமே மோசம்மா."

"அங்க எழுதுற சிஸ்டரைப் பார்த்தீங்களா?"

"எங்க பாக்குறது? செவுத்துல ஒரு ஓட்டை. ஒரு கை வரும், சுருளை வாங்கும், போயிரும்."

"கை எப்படி இருந்தது?"

"கை மாதிரி இருந்துச்சு. சின்னப் பொண்ணு கை கணக்கா வழவழன்னு."

அக்கா நன்றாகத்தான் இருக்கிறாள். எனக்கு அது போதும். இல்லை, போதாது.

ஜனவரி 15

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டேன் — யாராவது சாகமாட்டார்களா என்று காத்திருக்கிறேன், சாமி. அவர் வெகுநேரம் இருமினார். பரிகாரமாக ஐந்து சங்கீதம் சொல்லச் சொன்னார்.

மார்ச் 30

இந்தக் குளிருக்கும் ஒருவரும் சாகவில்லை. ஆண்டவரே, மன்னியும்.

ஜூன் 22

ராஜாவின் ஆட்கள் வந்தார்கள். சின்ன மடங்களையெல்லாம் மூடப் போகிறார்களாம். கரண்டியிலிருந்து கன்றுக்குட்டி வரை எழுதிக்கொண்டார்கள். பிறகு எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, வெளியே போகிறாயா, வேறு மடத்துக்குப் போகிறாயா என்று கேட்டார்கள்.

"ஸ்டோபரி," என்றேன். அதை இப்போதைக்கு விட்டுவைத்திருக்கிறார்கள்.

"அங்க சட்டம் ரொம்பக் கடுமையாச்சே. வாயைத் திறக்க முடியாது," என்றார் சிவப்புத் தாடிக்காரர்.

எனக்கு அக்கா வேணும்யா என்று கத்தத் தோன்றியது. "ஆத்துமாவுக்கு நல்லதுங்க," என்றேன். எழுதிக்கொண்டார்.

எங்கள் தலைவி மதர் ஜாய்ஸ் பீடத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார். எல்லோரும் அழுகிறார்கள். வெளியே வந்த என்னைப் பார்த்தார். "தோமசின், வீடே இடியுது. உன் மூஞ்சியில என்னடி சிரிப்பு?"

"பல்வலி மதர்."

வெட்கங்கெட்டவள் நான். எனக்குச் சோறு போட்ட வீடு இது.

1537, பிப்ரவரி 11

மணியை இறக்கிவிட்டார்கள். வண்டியில் ஏறிய பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இறங்கியிருப்பேன்.

ஸ்டோபரிக்குப் பதினெட்டு மைல். பிரிந்து பத்தொன்பது வருடம். வருடத்துக்கு ஒரு மைல் நகர்ந்திருந்தால்கூடப் போன வருடமே போய்ச் சேர்ந்திருப்பேன். நத்தைதான்.

பிப்ரவரி 12

சாப்பாட்டு நேரத்தில் வந்து சேர்ந்தேன். யாரும் பேசக் கூடாது. பதினாறு முகங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தேன், இரண்டு தரம் பார்த்தேன். அக்கா இல்லை. எதிரே இருபது வயதுப் பெண் ஒருத்தி. ரொட்டியைப் பிட்ட விரல்களில் மை. வழவழவென்று கை.

அப்போ இந்த மூணு வருஷமா பூ போட்டது யாரு? அக்கா எங்கே? நாளைக் காலை செபம் முடிகிற வரை கேட்க முடியாது. எனக்கு ரொட்டி இறங்கவில்லை.

பிப்ரவரி 13

அந்தப் பெண்ணே வந்தாள். பெயர் ஃப்ரிடெஸ்வைட்.

"நீங்கதான் நத்தையா?" என்றாள்.

தலையாட்டினேன்.

"பெர்னலம்மாவுக்குக் கண்ணு போயி மூணு வருஷமாச்சு. நான்தான் எழுதுறேன். சுருள் வந்தா மொதல்ல, நத்தை இருக்கான்னு கேப்பாங்க. பூவைப் போடு, பூவைப் போடுன்னு உயிரை எடுப்பாங்க. அவங்களுக்கு மூளைதான் கலங்கிருச்சோன்னு நெனைச்சேன்."

நோயாளிகள் அறைக்குக் கூட்டிப் போனாள். அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள், இத்தனூண்டாக. என் முகத்தைத் தடவினாள். மூக்கில் கை நின்றது.

"அப்பா மூக்கு," என்றாள். "ஏன்டி இவ்வளவு நேரம்?"

அழுது முடித்த பிறகு என் காதருகில் வந்து, "ஒரு பாவம் செஞ்சிருக்கேன்டி. யாராவது சாகமாட்டாளான்னு காத்துக்கிட்டே இருப்பேன்," என்றாள்.

"அக்கா, நானும்."

சிரித்தோம். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் வந்து இருவரையும் திட்டும் வரை சிரித்தோம்.

ஜூலை 3

அவரை உரிக்கிறோம். கண் தெரியாவிட்டாலும் அவள்தான் வேகம்.

1538, ஜனவரி 29

அக்கா போய்விட்டாள்.

பிப்ரவரி 2

ஃப்ரிடெஸ்வைட் எழுத வந்தாள். விடவில்லை. சுருளின் தலைப்பை நானே எழுதினேன். சிஸ்டர் பெர்னல், ஸ்டோபரி மடம், அவள் ஆத்துமாவுக்காகச் செபியுங்கள் என்று. எழுத்து நேராகத்தான் இருக்கிறது.

ஹாப் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றார். "முக்கால்வாசி மடம் மூடியாச்சும்மா. யார்கிட்ட கொண்டு போறது?"

"வழக்கமான வழியிலயே போங்க. ஒரு வாசலையும் விடாதீங்க."

முப்பது மடத்துச் சாவுக்கும் அவள் செபித்தாளே. அவளுக்கு மட்டும் யாரும் இல்லையா? எனக்கு ஒவ்வொரு மடத்தின் செபமும் வேண்டும். பிடிவாதம் என்றால் பிடிவாதம்தான்.

மே 9

ஹாப் வந்துவிட்டார். இளைத்துப் போயிருக்கிறார். வழியில் சோறு போட இப்போது யார் இருக்கிறார்கள்?

சுருளை மேசைமேல் விரித்தேன். ஏழே மடங்கள்தான் எழுதியிருந்தன. ஆனால் சுருள் வெறுமையாக இல்லை. அந்த ஏழுக்கும் நடுவே, கீழே, ஓரங்களில் எல்லாம் கரியால் வரைந்த பூக்கள். கோணல்மாணலாக, இருபத்திரண்டு.

"எனக்கு எழுத்து தெரியாதேம்மா," என்றார் ஹாப், தப்பு செய்தவர் போல. "ஆள் இல்லாத எடத்துல வாசல்ல நின்னு, எங்கள் பிதாவேன்னு பரலோக மந்திரம் சொன்னேன். சொன்னதுக்கு அடையாளம் வேணாமா? இத்தனை வருஷம் கழுத்துல சுமந்திருக்கேன், இந்தப் பூவை எனக்குத் தெரியாதா?"

ஒரு இடத்தில் மட்டும் பூ இல்லை. உருண்டையாக ஒன்று, அதற்கு இரண்டு கொம்பு.

"அது ஹெல்மிங்டன். உங்க கோயில்ல இப்ப ஆடு கட்டியிருக்காங்க. அங்க பூவைப் போட மனசு வரலை. நத்தைதானே போடணும்?"

அவர் முன்னாலேயே அழுதேன். அழட்டும் என்று விட்டுவிட்டார்.

அக்டோபர் 18

நாளை ஸ்டோபரியும் மூடுகிறது. ஃப்ரிடெஸ்வைட்டை அவள் அண்ணன் வந்து கூட்டிப் போய்விட்டான். எனக்கு ஊருக்குள் ஒரு விதவை இடம் தருகிறாள், நூல் நூற்க வேண்டும்.

மடத்துத் தோல்சுருள்களையெல்லாம் ராஜாவின் ஆட்கள் முற்றத்தில் குவித்து வைத்திருந்தார்கள். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். எடுத்துக்கொள் என்றார்கள்.

இப்போது மறுபடி விரித்துப் பார்த்தேன். கடைசியில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. மூடிய மடங்களுக்கெல்லாம் ஹாப் அடையாளம் போட்டுவிட்டார். நாளை மூடுகிற மடத்துக்கு யார் போடுவது? பரலோக மந்திரம் சொன்னேன். மையைத் தொட்டு, நத்தை வரையாமல், அவரைப் பூ வரைந்தேன்.

பிய்ந்த செருப்பு மாதிரிதான் வந்திருக்கிறது.