கொசு வயிற்றுக் குளிர்ச்சி

என்னங்க,

வீட்டில் பேச முடியாததால் இதை எழுதி உங்கள் டிபன் டப்பாவில் வைக்கிறேன்.

எங்கள் லேபில் ஒன்று தெரிந்துகொண்டேன். மலேரியாக் கிருமியிலும் ஆண், பெண் உண்டாம். நம் ரத்தச் சூட்டில் இரண்டும் அருகருகே இருந்தும் சும்மா கிடக்குமாம். கொசுவின் வயிற்றுக்குள் போனால் கொஞ்சம் குளிர்ச்சி, அங்கே இருக்கும் ஏதோ ஓர் அமிலம். அதை இப்போதுதான் கண்டுபிடித்தார்களாம். அது பட்டதும் பதினைந்தே நிமிடத்தில் ஆண் துள்ளிக்கொண்டு பெண்ணைத் தேடுமாம்! அதுவரை இடம்தான் சரியில்லை போலிருக்கிறது.

"நாலு வருஷமாச்சு, இன்னும் ஒரு விசேஷமும் இல்லியே" என்று அத்தை நேற்றும் கேட்டார்கள். இந்தக் கட்கி குவார்ட்டர்ஸில் ஒரே அறையில் ஏழு பேர் படுக்கிறோம் என்று நான் சொல்லவில்லை.

ஆற்றுக்கு அக்கரையில், தாபோடியில், வாடகைக்கு ஓர் அறை பிடித்திருக்கிறேன். ஜன்னலில் ஆற்றுக்காற்று வருகிறது. சப்பாத்திக்கு அடியில் சாவி இருக்கிறது.

இப்படிக்கு,
உங்களுக்கு நான்கு பாய் தள்ளிப் படுப்பவள்