எனக்கு வைத்த சோறு

12 மார்ச் 1946, ரெம்பாங் தீவு

சரணடைந்து ஏழு மாதம். ஜப்பானுக்குக் கப்பல்தான் வரவில்லை. மரவள்ளி ஒழுங்காக விளைகிறது. இன்று தோண்டிய கிழங்கு ஒன்று எங்கள் மேஜரின் மூக்கையே உரித்து வைத்திருந்தது. காவலுக்கு நின்ற வெள்ளைக்காரனே சிரித்துவிட்டான்.

பேச்சு மும்முரத்தில், சாப்பிடும் குச்சிகளைக் கிழங்கில் நட்டுவைத்துவிட்டேன். கூடாரத்துத் தோழன் யசாகி என் கையில் ஓர் அடி போட்டான். “செத்தவனுக்குப் படைக்கிறியா? படுக்க வைடா.”

2 ஏப்ரல்

தம்பி தெய்சோவிடமிருந்து அஞ்சலட்டை! போன வருஷமே நான் செத்துவிட்டதாகத் தகவல் போயிருக்கிறது. என் அஸ்தி என்று கூடவே வந்த வெள்ளைப் பெட்டியில் ஒரு கல்தானாம். அதற்குக் காரியமும் செய்திருக்கிறார்கள். அப்புறம்தான் என் கடிதம் போய்ச் சேர்ந்ததாம்.

கடைசியில், “இதற்கிடையில் அண்ணிக்கும் எனக்கும்” என்று ஆரம்பித்திருந்தான். அதற்குள் யசாகி நீர் சொட்டும் சட்டியைக் கொண்டுவந்து அட்டைமேல் வைத்தான். மீதி மை முழுவதும் கரைந்துபோயிற்று.

எங்கள் பக்கம் அண்ணன் செத்தால் அண்ணியைத் தம்பிக்குக் கட்டிவைப்பது வழக்கம். யசாகிக்கும் தெரியும். “விடு, உன் பொண்டாட்டி வீட்டை விட்டு எங்கயும் போயிடலையே” என்கிறான், பாவி.

5 ஏப்ரல்

அண்ணிக்கும் எனக்கும் — என்ன? கல்யாணமா? கைகலப்பா? சனியன் பிடித்த சட்டி!

19 மே

கப்பல் பட்டியலில் என் பெயர். யசாகி பெயரும். கூடாரமே குதிக்கிறது. நானும் குதித்தேன். ஆனால் பயமாக இருக்கிறது. ஹரூயோ என் மனைவியாக இல்லாத வீட்டுக்கு எதற்குப் போவது?

7 ஜூன், வீடு

வாசலில் தெய்சோ. கட்டிக்கொண்டு அழுதான். செருப்பைக் கூடக் கழற்றாமல் கேட்டேன்: “அண்ணிக்கும் உனக்கும் என்னடா?”

“உன் கடிதம் வரவரைக்கும் தினம் சண்டை” என்றான். என் படத்துக்கு முன்னால் இவன் சோறு வைத்துக் குச்சியை நட்டுவைப்பானாம். அவள் பிடுங்கிப் படுக்கவைப்பாளாம், வெளியூர் போனவருக்கு வைக்கிற மாதிரி. “அவர் ஊர்லேர்ந்து வரவரைக்கும் யாரும் குச்சி நடக்கூடாது” என்று காரியம் நடந்த அன்றைக்கே அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டாளாம்.

உள்ளேயிருந்து அவள் குரல். “ரெண்டு பேரும் வாசல்லயே நின்னா சோறு ஆறிடும்.”

என் இடத்தில் தட்டு தயாராக இருந்தது. நான் வருவது இவளுக்கு எப்படித் தெரியும் என்று தம்பியைப் பார்த்தேன். தினமும் வைக்கிறாள் என்றான். குச்சிகள் படுத்துக் கிடந்தன.

சோற்றில் பாதி கிழங்கு. அங்கேயும் கிழங்கு, இங்கேயும் கிழங்கு! உப்பு வேறு கொஞ்சம் கூட. ஆனாலும் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.