படுத்துப் பார்க்காத கார்

பர்லிங்டன், வெர்மான்ட்

அன்புள்ள அப்பாவுக்கு,

மார்லா எழுதுகிறேன். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? பஃபலோவிலும் பனி கொட்டுகிறதா?

வெர்ன் சித்தப்பா எனக்கு விற்ற பழைய கார் நேற்று சரிவில் பிரேக் பிடிக்காமல் ஓடி, பனிக்குவியலில் மெத்தென்று உட்கார்ந்துகொண்டது. எனக்கு ஒரு கீறலும் இல்லை. பார்த்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன்.

"கீழ படுத்துப் பாக்காம எந்தக் காரையும் வாங்கிடாதடி. பனி உருக ரோட்டுல கொட்டுற உப்பு காருக்கு அடியிலதான் அரிக்கும்" என்று சொன்னவரே சித்தப்பாதான். ஊரார் கார்களுக்கு அடியிலெல்லாம் படுத்துப் பார்த்தேன். அவர் காருக்கு அடியில் மட்டும் படுக்கவில்லை.

மெக்கானிக் டார்ச் அடித்துக் காட்டினார். "துருவுக்கு மேலயே புதுசா கறுப்புப் பெயின்ட் பூசியிருக்காங்க. பிரேக் குழாயே இத்துப்போச்சு. யாரோ தெரியாதவன்கிட்ட வாங்கினியாம்மா?"

"ஆமாம்" என்றேன்.

என் கம்பளிக் காலுறைகளை அனுப்புங்கள், வேலைக்கு நடந்துதான் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை எப்போது போன் செய்தாலும் அறையில்தான் இருப்பேன்.

ஒன்று கேட்க வேண்டும். நான் கார் வாங்குவதற்கு முந்தின வாரம், சித்தப்பா வீட்டிலிருந்து கையெல்லாம் கறுப்புப் பெயின்ட்டோடு வந்தீர்கள். வேலிக்கு அடித்ததாகச் சொன்னீர்கள்.

அவர் வீட்டு வேலி வெள்ளை, அப்பா.

மார்லா