புதன்கிழமைக்கு முழு அணி

பிப்ரவரி 3

அன்பு மருமகளுக்கு,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று போன வருடமே சொன்னவன் நான். அதற்குச் சாட்சி உன் அம்மா. அவள் மறுப்பாள், நம்பாதே. முடிதிருத்துகிற அண்ணன், செல்போனில் நாம் அணி நடத்தி ஆடும் கால்பந்து லீக்கைப் பாதியில் விட்டு ஓடுவார் என்றேன், ஓடிவிட்டார். நீ போன ஊரில் சும்மா இருக்கமாட்டாய், தனியாக ஒரு அணி தொடங்குவாய் என்றேன், தொடங்கிவிட்டாய். எப்படிக் கண்டுபிடித்தேன் என்கிறாயா? கடைசி டிவிஷனில் போய் ‘எலும்புக்கூடு’ என்று கால்பந்து அணிக்குப் பெயர் வைக்க, எக்ஸ்ரே எடுக்கிற பெண்ணைத் தவிர வேறு யாருக்குத் தோன்றும்? போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் நின்று திருத்திக்கொண்டே இருப்பாள். ஆகவே ஆட்டத்துக்குள் இருக்கும் தபால்பெட்டியிலேயே எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆட்டத்தை உருவாக்கிய கம்பெனிக்காரன் நடத்தும் லீக் சனிக்கிழமை. புதன்கிழமையை நட்பு ஆட்டத்துக்கு விட்டிருக்கிறான், யாரும் யாரோடும் மோதலாம். அந்தப் புதன்கிழமைகளைக் கோத்து, எட்டு அணிகளுக்கு நமக்கே நமக்கென்று ஒரு லீக்கை உண்டாக்கியது யார்? எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்த உன் மாமன். என் சாவிக்கடை முன்னால் நின்று யோசனை கேட்காத ஆள் இல்லை. கம்பெனி முதலாளியே எனக்குப் பாராட்டுக் கடிதம் எழுதியிருப்பார், விலாசம் தெரிந்திருக்காது.

இப்போது ஓர் இடம் காலி. நேற்று சாப்பிடும்போது உன் அப்பாவே சொன்னார்: “அவளக் கூப்பிடு. அவ இல்லாம இது என்ன லீக்கு?” இந்த இரண்டு காதாலும் கேட்டேன்.

உடனே பதில் போடு.

இப்படிக்கு,
லீக் தலைவர், செயலாளர், நடுவர்,
உன் ஒரே மாமன்


பிப்ரவரி 5

அன்புள்ள மாமா,

நலம். மருத்துவமனையில் எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு சின்ன ஓய்வறை உண்டு. ஒரு நாற்காலி, ஒரு கெட்டில். ‘எலும்புக்கூடு’ அங்கேதான் உருவானது. யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா அப்படிச் சொன்னாரா? நிஜமாகவா? அம்மா போனை நீட்டினால்கூட “கை ஈரமா இருக்கு” என்கிறவர், மாமா, அவர். ஒரு வருஷமாகவா ஒரு மனுஷருக்குக் கை ஈரமாக இருக்கும்?

அதுவும் ஒரு கோல்கீப்பருக்காக. நானும் அவரும் சேர்ந்து நடத்திய அணி. அந்தக் கோல்கீப்பருக்கு வயது ஏறிவிட்டது, பந்து உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் குதிப்பார். வேலைக்குக் கிளம்புவதற்கு முன் நான்தான் விற்றேன். “வயசானா தள்ளிவிட்டுடுவியா?” என்றார் அப்பா. “ஆட்டத்துல அப்படித்தாம்ப்பா” என்றேன். அதோடு நின்றது பேச்சு. பார்வை சரியில்லை என்று அந்த வாரம்தான், பஸ் ஓட்டிக்கொண்டிருந்த அவரை இறக்கி டிப்போ கவுன்ட்டரில் உட்காரவைத்திருந்தார்கள். எனக்கு அது பஸ்ஸில் ஏறி பாதித் தூரம் வந்த பிறகுதான் உறைத்தது. அதற்குள் அவருக்குக் கை ஈரமாகிவிட்டது.

நீங்கள் கூப்பிட்டிருந்தால் வந்திருக்கமாட்டேன். அவர் கூப்பிட்டார் என்பதால் வருகிறேன்.

உங்கள் புள்ளிப் பட்டியலைப் பார்த்தேன். டிரா ஆனால் எல்லோருக்கும் ஒரு புள்ளி, உங்களுக்கு மட்டும் இரண்டு. அது எப்படி?

அன்புடன்,
மருமகள்


பிப்ரவரி 7

அன்பு மருமகளுக்கு,

அது தலைவருக்கான படி. எல்லாப் பெரிய லீக்கிலும் உண்டு, வெளியே சொல்லமாட்டார்கள்.

உன்னைச் சேர்த்தாயிற்று. மருந்துக்கடை அக்கா, “அந்தப் பொண்ணா, அது வந்தா நமக்கு ஆப்புதான்” என்று இப்போதே புலம்புகிறார். உனக்கும் உன் அப்பாவுக்குமான ஆட்டத்தைக் கடைசிப் புதனுக்கு வைத்திருக்கிறேன். அதற்குள் நீ நாலு பேரை ஜெயித்து, கொஞ்சம் நிமிர்ந்து நிற்கலாம் பார்.

பயப்படாதே. நம் வழக்கம் உனக்குத் தெரியும். புதன்கிழமை எவனும் முழு அணியை இறக்குவதில்லை. காலை உடைத்துக்கொண்டால் சனிக்கிழமை யார் ஆடுவது? பெஞ்சில் இருக்கிறவர்களையும் பொடிசுகளையும் அனுப்புவோம். என்னிடம் உன் அப்பா பொடிசுகளைத்தான் அனுப்பினார். நாலு கோல் போட்டுவிட்டுப் போனார்கள். அன்றைக்கு என் பக்கம் காற்று சரியில்லை.

இப்படிக்கு,
மாமன்


மார்ச் 20

மாமா,

ஆறு கோல். நேற்று ஓய்வறையில் உட்கார்ந்து பார்த்தேன். வெளியே கை உடைந்த ஒருவர் காத்திருந்தார், அவர் முகம் என் முகத்தைவிடத் தெளிவாக இருந்தது.

தோற்றது பெரிதில்லை. அவர் இறக்கிய ஆட்களைப் பார்த்தீர்களா? பதினோரு பேரும் சனிக்கிழமை ஆட்கள். முதல் டிவிஷனுக்கு ஏறப்போகிற அணியின் மொத்தப் படையையும், கடைசி டிவிஷனில் கிடக்கிற என் எலும்புக்கூட்டின் மேல் ஏவிவிட்டார். உங்கள் மேல்கூடப் பொடிசுகள்தானே வந்தன? இதற்குத்தான் கூப்பிட்டாரா? எல்லோரும் பார்க்க என் மூக்கை உடைக்கவா?

அடுத்த பருவத்துக்கு என் பெயரை எடுத்துவிடுங்கள்.

மருமகள்


மார்ச் 23

அன்பு மருமகளுக்கு,

எடுக்கமாட்டேன். தலைவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று இன்று காலைதான் சட்டம் போட்டேன்.

ஆற அமரப் படி. புதன்கிழமை நான் உங்கள் வீட்டில்தான் இருந்தேன். உன் அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு அணியைத் தேர்வு செய்கிறார். நான் எட்டிப் பார்த்துப் பதறிவிட்டேன்.

“அத்தான், இது புதன்கிழமை. சனிக்கிழமை ஆளுங்கள எறக்குறீங்க.”

“தெரியும்.”

“சின்னப் பொண்ணோட டீம் அத்தான். பொடிசுங்களே போதும்.”

“பொடிசுங்கள அனுப்பறதுக்கு அவ என்ன நீயா?”

உன் மாமன் மனம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். இருந்தாலும் பொறுத்துக்கொண்டேன். அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னார்: “அவ யார் யார் எறங்கினாங்கன்னு ஒண்ணொண்ணா பாப்பா. அப்பன் நம்மள லேசா நெனச்சுட்டான்னு தோணக் கூடாது.”

ஐம்பதாவது நிமிடத்தில் அவருடைய நடுமுன்னணி ஆட்டக்காரனுக்குக் கால் போயிற்று. உன் பையன் ஒருவன் மாட்டைப் போல மோதினான், சபாஷ். நேற்று சனிக்கிழமை, அவன் இல்லாமல் ஒரு கோலில் தோற்று, முதல் டிவிஷன் கைநழுவிப் போய்விட்டது. ரெண்டு வருஷ உழைப்பு. உன் அம்மா, “நல்லா வேணும், புதன்கிழமை யாராச்சும் அவன எறக்குவாங்களா?” என்று பிடித்துக்கொண்டாள். அவர் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினார்.

நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள் என்று உன் அம்மா சொல்லிக்கொடுத்திருப்பாள். நீயே பார்த்துக்கொள். பழைய ஆட்டங்களின் விவரம் எல்லாம் உள்ளேயே இருக்கிறது.

இப்படிக்கு,
மாமன்


மார்ச் 25

அன்புள்ள மாமா,

பார்த்தேன். எல்லாப் புதன்கிழமைகளையும் திறந்து பார்த்தேன். டெய்லருக்குப் பொடிசுகள், மருந்துக்கடை அக்காவுக்குப் பொடிசுகள், உங்களுக்கு அதிலும் மிகப் பொடிசுகள். எனக்கு மட்டும்தான் முழு அணி. அவருடைய ஆள் இன்னும் காயப்பட்டியலில் இருக்கிறான். ஐம்பதாவது நிமிடம் இல்லை, எழுபதாவது. மற்றதெல்லாம் சரி.

நேற்று வேலையில் கவனமே இல்லை. ஒருவருக்கு வலது முழங்காலுக்குப் பதில் இடது முழங்காலை எடுக்கப் பார்த்தேன். நல்லவேளை, அவரே சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவை நானே கூப்பிடுகிறேன். கோல்கீப்பர் பேச்சை எடுக்கமாட்டேன், எடுத்தால் நான் விற்றதுதான் சரி என்று மறுபடியும் சொல்லிவிடுவேன். வேறு எதைப் பேசித் தொடங்குவது என்று யோசித்தேன். அந்த ஒரு வாக்கியம் இருக்கிறதே, “அவ இல்லாம இது என்ன லீக்கு” என்று சொன்னாரே, அதிலிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறேன். நீங்கதானேப்பா முதல்ல கூப்பிட்டீங்க என்று சொன்னால், கை ஈரம் என்று சொல்லமுடியாது இல்லையா?

அன்புடன்,
மருமகள்


மார்ச் 26

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதம் கண்டு கடையை அரை மணி நேரம் மூடிவிட்டேன். சந்தோஷத்தில் என்று வைத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் கூப்பிடு. நான் உன் அம்மாவை எப்படியாவது வெளியே அழைத்துப் போய்விடுகிறேன். போன் அடித்தால் அவரே எடுத்தாக வேண்டும். அவருடைய அடிபட்ட ஆள் எப்போது எழுந்து வருவான் என்று கேள். நீ எக்ஸ்ரே எடுக்கிறவள், உன்னைத் தவிர யாருக்கு அந்தக் கேள்வி பொருந்தும்? கால் மணி நேரம் பேசுவார், எனக்குத் தெரியும்.

நான் சொன்ன அந்த வாக்கியத்திலிருந்து மட்டும் தொடங்காதே.

அன்றைக்குச் சாப்பிடும்போது, காலி இடத்துக்கு உன்னைப் போடலாமா என்று நான்தான் கேட்டேன். அவர் சாப்பிட்டு முடித்தார், தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசற்படி வரை போய்த் திரும்பி, “எனக்கும் அவளுக்கும் எந்தப் புதன்?” என்று மட்டும் கேட்டார். அதை அப்படியே எழுதினால் நீ வருவாயோ மாட்டாயோ என்று எனக்குப் பயம். அடிபட்ட கால், கோல், பொடிசுகள், பாத்திரம் கழுவியது எல்லாம் நடந்தது நடந்தபடி. “அவளக் கூப்பிடு” என்று அவர் சொல்லவே இல்லை. அது நான் போட்டது.

உன் மாமன்