கிண்டினால் இளகும் வாழைப்பசை

ஆனி 9, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். எல்லாம் நான் சொன்னபடிதான் நடந்திருக்கிறது. தார் வெட்டிய பிறகு வாழைமரத்தைச் சும்மா தூக்கி எறிகிறார்களே, அதற்குள் பசை இருக்கிறது என்று அக்கா மகள் சுபா கண்டுபிடிக்கும் முன்பே சொன்னவன் நான். எப்போது, யாரிடம் என்று கேட்கக்கூடாது. சொன்னேன்.

அவள் ஆராய்ச்சிக்குச் சித்திரையில் ஒரு சாக்கு வாழைத்தூள் கொடுத்ததும் நானே. அச்சன்புதூரில் மரம் வெட்டி, காயப்போட்டு, மில்லில் அரைத்து. மில்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். சிரித்தார் என்றும் சொல்லலாம்.

அதை காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, அலசி, என்னவோ மருந்து சேர்த்து வெள்ளைப் பொடி ஆக்கியிருக்கிறாள். தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டால் கெட்டிக் கூழ். வேகமாகக் கிண்டினால் இளகி ஓடும். கையை எடுத்தால் மறுபடி இறுகும். கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாது.

பகவதி: "ஒங்கள மாதிரிதான். கிண்டுனா எளகிருவீய, விட்டா வெறச்சிட்டு நிப்பீய." பெண்டாட்டிக்கு விஞ்ஞானம் புரியாது.

வாங்க: தே. எண்ணெய், குடைக்குத் துணி, ரேசர்.

ஆனி 11, புதன்

தென்காசி பஸ் ஸ்டாண்ட் டீக்கடை. அண்ணாச்சிக்கு விளக்கினேன்.

"பெயிண்டு, பற்பசை, போஸ்டரு, எல்லாத்துக்கும் இனி நம்ம வாழைதான்."

"ஒம்ம வாய ஒட்டுமா வே?"

பொறாமை.

மதியம் சுபா போன். வைகாசியில் கொடுத்த இரண்டாவது சாக்கில் செய்தது இறுகவில்லையாம். ரசம் போல ஓடுகிறதாம். பலமுறை செய்து பார்த்துவிட்டாள். முதலில் வந்த மாதிரியே மறுபடி வந்தால்தான் கைடு சார் கையெழுத்துப் போடுவார். இந்த மாதத்தோடு கெடு.

தண்ணீர்தான் கோளாறு என்றேன். குற்றாலத் தண்ணீர் கொண்டுவருகிறேன், பார் என்றேன்.

ஆனி 13, வெள்ளி

ஐந்தருவியில் நல்ல தண்ணீர். கூட்டத்தில் முட்டி மோதி ஒரு கேன் பிடித்தேன். திருநெல்வேலி பஸ். பக்கத்து சீட்காரரிடம், அரசாங்கம் கேட்ட தண்ணீர் என்றேன். மரியாதையாக ஒதுங்கி உட்கார்ந்தார்.

சுபாவின் லேப். அருவித் தண்ணீரில் பொடியைக் கரைத்தாள். காத்திருந்தோம். கிண்ணத்தைச் சாய்த்தாள். ஓடியது.

"தண்ணில ஒண்ணும் இல்ல மாமா. நான்தான் எங்கயோ தப்பு பண்ணுதேன். எங்கன்னுதான் தெரியல."

கண் வீங்கியிருந்தது.

"ஏட்டி, ஒங்கையில தப்பு வராது."

"அப்போ எதுல வருது?"

திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். சீட் காலிதான்.

ஆனி 14, சனி

வெயில். சுள்ளென்று. தோசை இரண்டோடு நிறுத்தினேன். பகவதி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அக்கா போன். "சுபா ஆராய்ச்சியே வேண்டாம்னுட்டா. திங்கக்கெழம எழுதிக் குடுக்கப் போறாளாம். நீ சொன்னாக் கேப்பா, ஒரு வார்த்தை சொல்லு."

வாழைமரம் என்றால் முழுக்கத் தண்ணீர். சித்திரையில் வண்டி நிறைய வெட்டிப்போட்டது காய்ந்தால் ஒரு முறம்தான் தேறியது. யார் கண்டார்? ஒரு சாக்கு தருகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. வைகாசியில் காற்று ஒரு தோப்பையே சாய்த்தது, அதனால் இரண்டாவது சாக்குக்குக் குறையில்லை.

மொட்டைமாடிக்குப் போய் சுபாவுக்குப் போன் போட்டேன்.

"ஏட்டி, ரெண்டாவது சாக்கு சுத்தமான வாழை. மொதச் சாக்குதான்…"

"மொதச் சாக்குக்கு என்ன மாமா?"

"பாவூர்சத்திரம் மார்க்கெட்ல மக்காச்சோளத் தோகை கெடந்துது. அதையும் சேத்து அரைச்சிட்டேன்."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் ஓசை.

"எவ்வளவு சேத்தீங்க? கூட்டாம கொறைக்காம சொல்லுங்க மாமா."

கொஞ்சம்தான் என்று நாக்கு நுனிவரை வந்தது. முக்கால் சாக்கு தோகை என்றேன்.