மூன்றரைக்குச் சோளம் கொட்டும்

ராய்ஸ்,

நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். சில்லிக் குழம்பு அடுப்பில் இருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடு.

நேற்று நம் பெண் பள்ளிக்கூட வாசலில் இருட்டும்வரை தனியாக உட்கார்ந்திருந்தாள். நீ காட்டில், மானுக்குச் சோளம் கொட்டும் பீப்பாய்க்கு டைமர் வைத்துக்கொண்டிருந்தாய். கேட்டால், "வேட்டை சீசன் வருது டார்லா, நேரம் தப்பினா மான் அந்தப் பக்கமே எட்டிப் பாக்காது" என்கிறாய். பெற்ற பிள்ளைக்கு நேரம் தப்பினால் பரவாயில்லை, அப்படித்தானே?

ஷெட்டில் கிடந்த சின்னப் பீப்பாயில் சோளம் போட்டு, உன் பிக்கப் வண்டி நிற்கும் ஓக் மரத்தில் கட்டியிருக்கிறேன். நீ குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோதுதான் கட்டினேன். பேட்டரி புதுசு. மத்தியானம் பள்ளிக்கூடம் விடும் நேரம், மூன்றரைக்கு மோட்டார் சுற்றும், வண்டிக் கூரைமேல் சோளம் சடசடவென்று கொட்டும். செத்த பிணமும் எழுந்துவிடும். நீயும் எழுந்து போய் அவளைக் கூட்டி வா.

டார்லா

டைமரில் கை வைத்தாயோ, தெரியும் சேதி.

இன்னொன்று. நேற்றுப் படுக்கும்போது கேசி கேட்டாள்: "நானும் சோளம் தின்னா அப்பா நேரத்துக்கு வருவாராம்மா?" அப்பாவையே கேள் என்று சொல்லிவிட்டேன். வண்டியில் வரும்போது நீயே சொல்.